பின்படியில் எரிந்த விளக்கு

அத்தியாயம் 11

வீட்டில் ஒருவர் போய்விட்டால் ஊரே அன்றோடு நின்றுவிடும் என்று நமக்கு ஒரு நினைப்பு. எதுவும் நிற்பதில்லை. தண்ணீர் பில் வரும், குப்பையை, அதான் சம்பாவை, அள்ளும் லாரி வரும், தீயணைப்புப் பொம்பா அதிகாரியும் குறித்த தேதியில் வாசலில் வந்து நிற்பார்.

புஷ்பலதாவுக்கு அந்தத் தேதி வியாழக்கிழமையாக விழுந்தது. புருஷனுக்குக் கருமாதி ஞாயிற்றுக்கிழமை. அதிகாரி நாலு நாள் தள்ளி வந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

விட்ட இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலை வெயிலை மறைக்கும் பக்கமாக, ஒரு கடைவரிசை இருக்கிறது. அதில் மூலைக் கடை விக்னேஸ்வரன் வாடகைக்கு எடுத்தது. கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் அடுப்படிக் கதவு. கடையின் பின்கதவும் வீட்டின் அடுப்படியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

விக்னேஸ்வரன் விசேஷ வீடுகளுக்குக் கனோபிப் பந்தல் போடுகிறவர். ஈப்போவிலிருந்து தாப்பா வரைக்கும், அந்தப் பக்கம் தெலுக் இந்தான் வரைக்கும், தமிழர் வீட்டு வாசலில் ஒரு நீலக் கனோபி நின்றால் அது பெரும்பாலும் அவருடையதாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் அதே கனோபிதான். மழை வந்தால் மட்டும் அவர் முகம் செத்துவிடும். காசு வாங்கிக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளையை நனைய விட்டுவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். நனையாத ஓர் இடத்தில் நாலு பேர் வீட்டு விசேஷத்தை நடத்திக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையில்தான் கடையின் மேல்மாடியை மண்டபமாக்கினார்.

மண்டபம் திறக்க லைசன் வேண்டும். லைசனுக்குப் பொம்பாவிலிருந்து, இந்தக் கட்டடத்தில் நெருப்புப் பிடித்தால் ஜனங்கள் உயிரோடு வெளியே வந்துவிடுவார்கள் என்று எழுதிக் கொடுத்த ஒரு சூராட் வேண்டும். முதல் தடவை வந்து பார்த்த அதிகாரி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். காரணம் பின்படி. கனோபிக் கம்பி, மடக்கு நாற்காலி, பழைய சட்டி பானை என்று அடுக்கி அடுக்கி, அங்கே படி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கிடந்தது. முன்படியில் புகை மூண்டால் மேலே இருப்பவர்கள் இறங்க அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

அந்தப் பின்படியைக் காலி செய்துகொண்டிருந்தபோதுதான் விக்னேஸ்வரன் கடைசிப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடுப்படி ஜன்னலிலிருந்து, திறந்திருந்த பின்கதவு வழியாகப் புஷ்பலதா அவரைப் பார்த்தாள். களைப்பாறுகிறார் என்று நினைத்தாள். அடுப்பில் இருந்த மிளகாய்ச் சம்பலை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று கரண்டியைத் திருப்பினாள். இறக்கிவிட்டுக் கூப்பிட்டபோது அவர் சுவரில் சாய்ந்த மாதிரியே இருந்தார். இது சென்ற வாரக் கதை. அவளுக்கோ அது ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் புதிதாக நடந்துகொண்டிருந்தது.

அவருடைய சாவுக்கு அவருடைய கனோபியையே போட்டார்கள். வேலையாட்கள் அழுதுகொண்டே கம்பி நட்டதில் ஒரு மூலை சாய்ந்துவிட்டது. மனிதர் இப்போது எழுந்து வந்து அதை நிமிர்த்திவிட்டுப் போய்ப் படுப்பார் என்று புஷ்பலதாவுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் தெலுக் இந்தானிலிருந்து விக்னேஸ்வரனின் அக்கா பாப்பா வந்து சேர்ந்தார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தம்பி உட்கார்ந்திருந்த கடைசிப் படியில் தட்டில் அரிசி பரப்பி, அதன் மேல் பெரிய அகலை ஏற்றி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தது. உயிர் போன இடத்தில் விளக்கு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கருமாதி வரைக்கும் அது அணையக் கூடாது. கட்டிலில் போனவர்களுக்குக் கட்டிலருகே எரியும். விக்னேஸ்வரன் போனது நெருப்புப் பிடித்தால் ஜனங்கள் ஓடிவரவேண்டிய படியில். விளக்கும் அங்கேயே எரிந்தது.

பொம்பா தேதியைப் பற்றி அன்று யாருக்கும் நினைப்பில்லை. இருந்திருந்தாலும் யார் வாயைத் திறந்திருப்பார்கள்?

வியாழக்கிழமை காலையில் வாயைத் திறந்தது யுகேந்திரன். விக்னேஸ்வரனின் தம்பி, மண்டபத்தில் பாதிப் பங்காளி. தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிப் பொம்பா ஆபீசுக்கு அவன்தான் அலைந்தான். இதைவிட்டால் பெருநாள் முடிந்துதான் அடுத்த தேதி என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் கடையை வாடகைக்கு விட்ட தவுக்கே காத்திருக்கமாட்டார். மேல்மாடியை வேறு ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணி, பத்து மணிக்கு வாராங்க. வெளக்க மட்டும் எடுத்துருங்க லா" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புஷ்பலதா பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "எடுத்துப் பாரு."

பாப்பாவை முரட்டு மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய புருஷன் செத்தபோது, தொடர்ந்து கண்விழித்த களைப்பில் பாப்பா ஒரு ராத்திரி விளக்குப் பக்கத்திலேயே தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் திரி கருகிக் கிடந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஒரே மகன் சுரேன் பீடோர் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு போய்விட்டான். இரண்டையும் சேர்த்துப் பேசியவர்கள் யாரும் இல்லை. பாப்பாவே சேர்த்துக்கொண்டார். சேர்த்ததை அதற்கப்புறம் அவரால் பிரிக்க முடியவில்லை. தம்பியின் விளக்குக்குக் காவலாகப் பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்தில் போட்டு உட்கார்ந்தவர், வந்த நாள் முதல் ஒழுங்காகப் படுக்கவில்லை. கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தன.

யுகேந்திரன் தணிந்துதான் பேசினான். அணைக்கச் சொல்லவில்லை, வீட்டுக்குள் மாற்றி வைத்துவிட்டு அதிகாரி போனதும் திருப்பி வைக்கலாம் என்றான். பாப்பா ஒரே பிடியாக மறுத்தார். தம்பி போனது அந்த இடத்தில், அவன் வந்து பார்க்கப்போவதும் அந்த இடத்தில்தான் என்றார். பேச்சு வளர்ந்துகொண்டே போய், கடைசியில் யுகேந்திரனின் குரல் உடைந்தது.

"அண்ணன் இதுக்காகத்தானக்கா நாக்காலி தூக்குனாரு. இன்னிக்கு பாஸ் ஆகலன்னா அவரு சும்மா செத்த மாதிரி ஆயிடும்."



இந்த நேரம் பார்த்து சாந்தினி கூடத்திலிருந்து வந்தாள். புஷ்பலதாவின் ஒரே மகள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. அப்பாவைத் தூக்கிப் போன நாளிலிருந்து அவள் சந்தைத் தாண்டிக் கடைப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும் போனதில்லை.

"பாஸ் ஆகலன்னா நல்லதுதான்" என்றாள். "அந்த மண்டபந்தான் அப்பாவ தின்னுச்சு. அதுல போயி யாருக்குக் கல்யாணம் பண்ணி வெக்கப் போறீங்க?"

யுகேந்திரன் தலை குனிந்துகொண்டு முன்பக்கமாகக் கடைக்குப் போய்விட்டான். புஷ்பலதா மகளைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பும் இல்லை. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டினாள். தாலி இறங்கியவள் கருமாதிவரை தெருவில் நடக்கக் கூடாது என்பதும் பாப்பாவின் சட்டம்தான். ஆனால் பின்சந்து தெருவில் சேர்த்தி இல்லை என்று அவரே ஒரு சலுகையும் கொடுத்திருந்தார்.

அகல் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி போட்ட சின்னப் படம் ஒன்றையும் பாப்பா சுவரில் சாய்த்து வைத்திருந்தார். யாரோ ஒருவர் கல்யாணத்தில் கனோபிக்குக் கீழே நின்று எடுத்த படம். சிரிக்கும்போதும் கண் மேலே பார்த்திருந்தது, வானம் எப்படி இருக்கிறது என்று. புஷ்பலதா எண்ணெயை ஊற்றினாள். இரண்டில் எதை விடுவது என்று அந்தப் படத்தைக் கேட்டாள். மண்டபம் அவர் கடைசியாகக் கை வைத்த வேலை. அவளும் மகளும் இனிமேல் பிழைக்கவேண்டிய வழி. விளக்கோ அவருக்கு இன்னும் அவள் செய்யக் கூடிய ஒரே வேலை. வேறு என்ன மிச்சமிருக்கிறது? சோறு போட முடியாது, சட்டை துவைக்க முடியாது.

"புவான்?" அம்மா என்று மலாயில் கூப்பிடும் ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தாள். சந்தில் சீருடையில் ஒரு மலாய்க்காரப் பெண் நின்றிருந்தார். தலைத்துணிக்கு மேல் தொப்பி, கையில் டார்ச். பத்து மணி இன்னும் ஆகவில்லை. படி எங்கே வந்து முடிகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பதற்காகச் சந்து வழியாகவே வந்துவிட்டார். பெயர் நோர்ஹயாத்தி. முதல் தடவை வந்து தலையாட்டிவிட்டுப் போனவரும் இவர்தான்.

அவர் பார்வை விளக்கில் நின்றது. படத்தைப் பார்த்தார். படத்தில் இருப்பவரை அவருக்குத் தெரிந்திருந்தது. மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

இங்கேதான் என்று புஷ்பலதா மலாயில் சொன்னாள். இந்தப் படியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார், இங்கேதான் உட்கார்ந்தார், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இது எரியவேண்டும். அதற்கு மேல் மலாயிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

"தக்சியா, புவான்" என்றார் அந்த அம்மாள், துக்கம் விசாரிக்கும் குரலில். விக்னேஸ்வரன் ஆபீசுக்கு வந்திருந்ததாக அப்புறம் சொன்னார். எமர்ஜென்சி லைட்டை எந்த உயரத்தில் மாட்டினால் கடைசிப் படி வரைக்கும் வெளிச்சம் விழும் என்று கேட்டாராம். படம் போட்டுக் காட்டியும் திருப்தி இல்லாமல் மறுபடியும் வந்து கேட்டாராம். அந்த மாதிரி கேட்கிறவர்கள் குறைவு என்றார்.

புஷ்பலதாவுக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது. இந்த அம்மாள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

நோர்ஹயாத்தி விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. மேலே நூறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், புகை, ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்றார். முதல் கால் எங்கே விழும் என்று கேட்டுவிட்டு, டார்ச்சால் அகலைக் காட்டினார்.

புஷ்பலதா பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தாள். பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளைகள், நீளச் சேலை கட்டிய பெண்கள், அத்தனை பேரும் அந்த ஒரு விளக்கின் மேல் வந்து விழுகிறார்கள். விசேஷத்தில் நாலு சொட்டு மழை விழுந்ததற்கே சாப்பிடாமல் படுத்த மனுஷன் அவர். தன் விளக்கால் ஒரு பிள்ளையின் பாவாடை பற்றிக்கொண்டால் எங்கே போய்ப் படுப்பார்?

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேலேயிருந்து ஆரம்பிக்கிறேன், பின்படியைக் கடைசியாகப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றிப் போனார். சட்டத்துக்குள் நின்றுகொண்டு அவரால் கொடுக்க முடிந்தது அந்த அவகாசம் மட்டும்தான். அதை அவர் கொடுத்தார்.

அடுப்படி வாசலில் பாப்பா நின்றிருந்தார். எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்திருக்கவேண்டும்.

"நானே எடுத்துக்கிட்டு வாரேன்க்கா" என்றாள் புஷ்பலதா. "அணையாம கொண்டாரேன். இங்க இருந்தா பிள்ளைங்க மிதிச்சிரும். அவரு அத விரும்பமாட்டாரு."

பாப்பா கத்துவார் என்று புஷ்பலதா எதிர்பார்த்தாள். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"எடம் மாறுனா தேடிக்கிட்டாவது வந்துருவான். அணைஞ்சா எதப் பாத்து வருவான்?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். கூடத்தில் மாலை போட்ட பெரிய படத்துக்கு முன்னால் இடம் ஒதுக்கும் சத்தம் கேட்டது.

புஷ்பலதா முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தட்டோடு விளக்கைத் தூக்கினாள். தட்டு லேசாகச் சாய்ந்ததில் அரிசி இரண்டு மணி கீழே உதிர்ந்தது. நிமிர்ந்தபோது எதிரில் சாந்தினி நின்றிருந்தாள். எப்போது சந்தைத் தாண்டி வந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துச் சுடருக்கு இருபுறமும் வைத்துக்கொண்டு, அம்மாவின் எதிரே பின்னோக்கி நடந்தாள். தாயும் மகளும் எதிரெதிராக அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். பத்தடிச் சந்து பத்து மைல் மாதிரி இருந்தது.

பாதிச் சந்தில்தான் சம்பா லாரி வந்தது.

வாரத்துக்கு மூன்று தடவை வருகிற லாரி. யார் வீட்டு விளக்கும் அதற்குத் தெரியாது. வேலை முடிந்து திரும்பும் அவசரத்தில் மூலை திரும்பி வேகமாக உள்ளே நுழைந்தது. சாந்தினி அம்மாவைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி முதுகைக் காட்டி நின்றாள். லாரி உரசுவதுபோல் கடந்து போனது. அதன் பின்னாலேயே சூடான காற்று வந்து, இரண்டு பேரின் சேலையையும் தாவணியையும் தூக்கி அடித்தது.

சாந்தினி கைகளை விலக்கியபோது திரியின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது. அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. புகை மெலிதாக எழுந்து புஷ்பலதாவின் முகத்தில் பட்டது.

புஷ்பலதா அழவில்லை. அழுதால் உள்ளே கேட்கும். சம்பலைக் கிளறிக்கொண்டு நின்ற நிமிஷம் திரும்பவும் வந்துவிட்டது அவளுக்கு. பார்த்துக்கொண்டே இருந்தேன், போய்விட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன், இதுவும் போய்விட்டது.

சாந்தினிதான் அசைந்தாள். திரும்பிக் கடைக்குள் ஓடினாள். அப்பா உட்கார்ந்திருந்த அந்தக் கடைசிப் படி ஓரமாகவே ஓடி, மண்டபத்துச் சமையல் கட்டில் பெரிய அடுப்புகளுக்குக் கொளுத்தும் நீள லைட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் கிட்டவே போகாத இடத்தைத் தாண்டிப் போய்வந்தது அவளுக்கே தெரியவில்லை. திரியைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் பற்றவைத்தாள். சுடர் தடுமாறி நின்றது.

"அத்தகிட்ட சொல்லாதீங்கம்மா" என்றாள் மூச்சு வாங்க. "அவங்க தாங்கமாட்டாங்க."

கூடத்தில் பாப்பா இரண்டு கையையும் நீட்டி விளக்கை வாங்கிக்கொண்டார். எரிகிற சுடரைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. படத்தின் முன் வைத்துவிட்டு, தம்பி, இங்க இருக்கேன் பாரு, இங்க வந்துரு என்று முணுமுணுத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதார். ராத்திரி ராத்திரியாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. புஷ்பலதா அவர் பக்கத்தில் நிற்கமுடியாமல் திரும்பக் கடைக்கு வந்துவிட்டாள்.

மேல்மாடி, நெருப்பணைக்கும் சிவப்பு உருளைகள், கதவுகள், கெலுவார் என்று வெளியே போகும் வழியைப் பச்சையில் காட்டும் பலகைகள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நோர்ஹயாத்தி பின்படிக்கு வந்திருந்தார். கூட யுகேந்திரன், வேர்த்து விறுவிறுத்து. கடைசிப் படி காலியாக இருந்தது. உதிர்ந்த அரிசி மணி இரண்டும், அகல் இருந்த இடத்தில் ஒரு வட்ட எண்ணெய்க் கறையும் மட்டும் தெரிந்தன. அதிகாரி அந்தக் கறையை மிதிக்காமல் தாண்டி, கதவை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தார். ஒரு தள்ளில் திறந்தது. விக்னேஸ்வரன் மாற்றிப் போட்ட கதவு.

கதவைச் சாத்திவிட்டு மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னார்.

யுகேந்திரன் போய் இறக்கினான். ஜன்னல் இல்லாத படி. இருட்டு கண்ணை அடைத்தது. புஷ்பலதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம்தான். தலைக்கு மேல் லேசாகக் கிளிக் என்றது. சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் இரண்டு விளக்குகளும் எரிந்தன. வெள்ளை வெளிச்சம் படிகளின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசிப் படியில், அந்த எண்ணெய்க் கறையின் மேல் வந்து விழுந்தது.

அவர் மாட்டியது. உயரம் கேட்டு, திருப்தி இல்லாமல் திரும்பப் போய்க் கேட்டு மாட்டியது. அது எரிந்து புஷ்பலதா பார்த்ததே இல்லை.

"பாகுஸ்" என்றார் அதிகாரி. நன்றாகப் போட்டிருக்கிறார் என்று சொல்லித் தலையாட்டினார். முதல் தடவை ஆட்டிய ஆட்டம் இல்லை இது. தன் பக்கத்தில் எல்லாம் சரி, மேலே எழுதி அனுப்புகிறேன், சூராட் வந்துவிடும் என்றார்.

யுகேந்திரன் முகத்தை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து மற்றவர்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் அண்ணன் இல்லாதது முழுசாக உறைத்தது போலிருக்கிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் நோர்ஹயாத்தி சொல்லிவிட்டுப் போனார். ஒன்று, இந்தப் படி இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்கும் காலியாக இருக்கவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம் என்றார். அப்படிச் சொன்னால் விளக்குத் திரும்பி வரமுடியாது என்று அர்த்தம். இன்னொன்று, மனு செத்துப்போனவர் பெயரில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

"என் பேரப் போட்டுருங்க" என்றான் யுகேந்திரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதில் அவன் பேராசை எதையும் காட்டவில்லை. அதுதான் முறை என்று நினைத்தே சொன்னான். ஆனால் அதிகாரி பார்த்தது புஷ்பலதாவை.

ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், நான் வந்து சொல்கிறேன் என்றாள் புஷ்பலதா. யுகேந்திரன் அண்ணியைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இனி மண்டபம் யார் பேரில் என்ற கேள்வி இருந்தது. அதை அவன் அன்றைக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கடைவரிசை மளமளவென்று மங்கிவிடும். அந்த நேரத்துக்குத்தான் அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைத் தாண்டி வருவார். புஷ்பலதா அடுப்படி ஜன்னலில் நின்று, எதிரே திறந்து கிடந்த பின்கதவு வழியாகப் பார்த்தாள். கடைசிப் படி வெறுமையாக இருந்தது. இந்த நாட்களில் அங்கே ஒரு சுடராவது தெரியும். இன்றைக்கு அதுவும் இல்லை. வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, சரி. ஆனால் அவர் அங்கேயல்லவா உட்கார்ந்திருந்தார்?

கைவேலையை அப்படியே போட்டுவிட்டுச் சந்தைத் தாண்டினாள். கடைக்குள் போய் மெயினை இறக்கினாள். கிளிக் என்று தலைக்கு மேல் சத்தம் கேட்டது. வெளிச்சம் படியிறங்கி வந்து நின்றது. அதற்குக் கீழே போய், அவர் உட்கார்ந்த இடத்தில், அவரைப் போலவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவரைத் தூக்கிக்கொண்டு போனபின் அவள் அங்கே உட்காருவது இதுதான் முதல் தடவை.

சாந்தினி தேடிக்கொண்டு வந்தாள். மேலே பார்த்தாள். ஏன் கரண்டை அணைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

"எம்மா நேரம்மா எரியும் இது?"

"பேட்டரி தீர்ற வரைக்கும்."

மகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அப்பா அவளிடம் கடைசியாகப் பேசியது இந்த லைட்டைப் பற்றித்தான் என்றாள். வந்து பாரு, அப்பா என்ன மாட்டியிருக்கேன்னு என்றாராம். வேலைக்கு நேரமாச்சு, நாளைக்குப் பார்க்கிறேன் என்று போய்விட்டாளாம். மண்டபத்தின் மேல் இருந்த கோபம் உண்மையில் யார் மேல் என்று புஷ்பலதாவுக்கு அப்போது விளங்கியது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

"புஷ்பா." அடுப்படி வாசலிலிருந்து பாப்பா கூப்பிட்டார். கண்ணுக்கு அவர் உருவம் மட்டும் தெரிந்தது. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வெளக்க எடுத்தாறப்ப, நடுவுல அணையலையே?"

சாந்தினி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

புஷ்பலதா ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும். அந்த மனுஷி நிம்மதியாகத் தூங்குவார். இத்தனை நாள் கண்விழித்ததற்கு அந்தத் தூக்கம் அவருக்கு நியாயமாகச் சேரவேண்டியதும்கூட. ஆனால் இன்றைக்கு ஒரு நாள் தூங்கி என்ன ஆகப்போகிறது? தூங்கிப் போனதால்தான் மகனைப் பறிகொடுத்தோம் என்று ஒரு மனுஷி வருஷக்கணக்காகத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார். நம்மில் யாரும் அதில் கை கொடுத்ததில்லை. காலையில் சந்தில் அந்தப் புகை முகத்தில் பட்டபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று புஷ்பலதாவுக்குத் தெரிந்தது.

"அணைஞ்சிருச்சுக்கா" என்றாள். "என் கையிலேயே அணைஞ்சிருச்சு. உங்க வெளக்கு மாதிரிதான்."

சாந்தினி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு செருப்புச் சத்தம் சந்தைத் தாண்டி வந்தது. மெதுவாக, நின்று நின்று வந்தது. பாப்பா பின்கதவில் வந்து நின்றார். வெள்ளை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தில் கோபம் வரப்போகிறதா, கூக்குரல் வரப்போகிறதா என்று சாந்தினி பயந்துகொண்டே பார்த்தாள்.

பாப்பா மேலே எரிகிற விளக்கைப் பார்த்தார். கீழே எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

"எப்படி அணைஞ்சுச்சு?" என்று கேட்டார், சின்னக் குரலில்.

புஷ்பலதா படியில் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டாள்.